பேக்கப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஒன்று

எங்கள் டிடிபி சென்டரில் புத்தக வேலை நடக்கும் கம்ப்யூட்டர் உபுண்டுவில் ஓடுகிறது. ராத்திரியில் எல்லா ஃபைலும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ச்சேர ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தவர், லினக்ஸில் கில்லாடி என்று ஊரில் பேரெடுத்தவர். பெயர் வேண்டாம். அவருடைய ஒற்றை வரிதான் முடியும் தறுவாயில் இருந்த புத்தக வேலையை விழுங்கியது.

'/மீடியா/பயனர்/பேக்கப்' என்ற இடத்துக்குக் காப்பி எடு என்பதே அந்த வரி. டிஸ்க்கின் லேபிள் 'பேக்கப்'. செருகியதும் உபுண்டு அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் உண்டாக்கி மவுண்ட் செய்யும். சரிதான். ஆனால் ஓர் இரவு டிஸ்க் செருகப்படவில்லை. ஸ்கிரிப்டோ ரூட் அதிகாரத்தில் ஓடுவது. ஃபோல்டரைக் காணோம் என்றதும், அதில் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் நிரல் தானே ஒன்றை உண்டாக்கி, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியிலேயே எழுதிவிட்டது. மறுநாள் டிஸ்க்கைச் செருகியபோது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருந்ததால், மவுண்ட் வேலையைப் பார்க்கும் யூடிஸ்க்ஸ் அதை 'பேக்கப்1' என்று பக்கத்தில் மவுண்ட் செய்துகொண்டது. ஃபைல் மேனேஜரின் இடப்பக்கம் காட்டுவது லேபிளை மட்டும்தான். அங்கே அதே 'பேக்கப்'. அந்த 1 யார் கண்ணில் படும்?

அதன்பின் இரவுதோறும் காப்பி உள்ளேயே போய்ச்சேர, எஸ்எஸ்டி நிரம்பி லாகின் ஆகாமல் நின்றது. அதே ஆள் வந்தார். "டிஸ்க்கு போயிடுச்சு சார். அதான் பேக்கப் இருக்குல்ல, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார், பண்ணியும் விட்டார். வெளி டிஸ்க்கைத் திறந்தால் கடைசி ஃபைல் ஆகஸ்ட் மாதத்தது. நடப்பதோ நவம்பர். இடைப்பட்ட அத்தனையும் அவர் அழித்த எஸ்எஸ்டியில்தான், அதுவும் இரண்டு பிரதிகளாக இருந்தன.

இப்போது என் ஏற்பாடு இது. 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடித்தால் லேபிள், யூயூஐடி, மவுண்ட் ஆன இடம் மூன்றும் தெரியும். தனி அடையாளமான அந்த யூயூஐடியை, எது எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று குறிக்கும் எஃப்எஸ்டேபில் எழுதி, '/எம்என்டி/பேக்கப்' என்று நிலையான இடம் கொடுத்துவிட்டேன். கூடவே 'நோஃபெயில்' கட்டாயம். இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத காலையில் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்காரும். ஸ்கிரிப்டின் முதல் வரி 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ': அங்கே எதுவும் மவுண்ட் ஆகவில்லை என்றால் வேலையை அப்படியே நிறுத்து. அதற்கும் மேலே ஒரு பூட்டு: டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சேட்டர் +ஐ' போட்டுவிட்டால் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க் அதன்மேல் வழக்கம்போல் மவுண்ட் ஆகும்.

லேபிளில் தமிழ் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு: இஎக்ஸ்டி4 லேபிளுக்கு 16 பைட்தான். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். 'கணக்கு' என்ற சொல்லுக்கே 18 வேண்டும்; நுழையாது. ஃபேட்32இல் இன்னும் குறைவு, 11.

இத்தனைக்கும் பிறகு, "பேசாமல் விண்டோஸுக்கு மாறிவிடு" என்று அறிவுரை சொன்னவர்கள் உண்டு. நேற்று இ டிரைவாக இருந்த பென்டிரைவ் இன்று எஃப் டிரைவாக வருவதை அவர்கள் பார்த்ததில்லை போலும். நான் மாறவில்லை, ஆளைத்தான் மாற்றினேன். உங்கள் கடைக்கும் ஒருவர் வந்து ஃபார்மேட் என்று வாயெடுத்தால், முதலில் டிஎஃப் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று அது சொல்லிவிடும்.