ஒருவனுக்கு இருவர்: பனித்தள ஹொக்கியில் ஒரு பயிற்சி

பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஹொக்கி, கனடா நாட்டினர் உயிரெனப் போற்றும் விளையாட்டாகும். உள்ளரங்கில் ஒழுங்குபடுத்தி ஆடப்பெற்ற முதலாவது ஆட்டம் 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மொன்றியல் நகரில் நிகழ்ந்தது. கோற்காப்பாளரோடு பக்கத்துக்கு அறுவர் ஆடுவர். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள இறப்பர் வட்டு. தளத்தின் நீளம் 200 அடி. சறுக்கு வீரர் அதைச் சில நொடிகளிற் கடந்துவிடுவர். ஆதலின், முன்னேறிச் சென்ற அணி எதிரியின் எல்லையில் வட்டைப் பறிகொடுத்தால், பின்னே எஞ்சிய தடுப்பாளன் ஒருவனே இருவரை எதிர்கொள்ள நேரும். இதனை ஆள்மிகுதித் தாக்குதல் எனலாம்.

தனித்து நிற்பவன் யாது செய்தல் வேண்டும்? சிறுவர் இயல்பாகவே வட்டை உடையவன்மேற் பாய்வர். பாய்ந்தவுடன் வட்டு மற்றவனிடம் போய்விடும். கோற்காப்பாளனோ 6 அடி அகலமுள்ள வாயிலின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் நகர்ந்தாக வேண்டும். வட்டு அவனை முந்திவிடும். எனவே தடுப்பாளன் பின்னோக்கிச் சறுக்கியவாறே, வாயிலுக்கு நேராக இருவர்க்கும் இடையில் நின்று, தடியைப் பனியிற் பதித்துக் குறுக்கு வழியை அடைத்தல் வேண்டும். அடிப்பவனைக் காப்பாளன் பார்த்துக்கொள்வான்.

சொல்வது எளிது. இவ்வாறு சரியாக நின்றபின்னும் வட்டு வாயிலுட் புகுதல் உண்டு. அப்பொழுது தடுப்பாளனைக் கடிந்துகொள்ளும் பயிற்றுநர் உளர். அடுத்த முறை அப்பிள்ளை பாயவே செய்வான். கற்பித்தது அனைத்தும் வீண்.

பயிற்சியை அமைப்பதிலும் ஒரு குறை பரவலாகக் காணப்படுகின்றது. துரத்துவார் எவருமின்றி இருவரை விட்டால், அவர்கள் ஆறுதலாக நாலைந்து முறை கொடுத்து வாங்கிக்கொண்டு செல்வர். உண்மை ஆட்டத்தில் அவ்வளவு நேரம் எவர் தருவார்? இரண்டு மூன்று எட்டுப் பின்னால் ஒருவனைத் துரத்த விடுக, ஆட்டம் உயிர்பெறும். தடுப்பாளன் தன்பால் வந்தால் வட்டைத் தோழனுக்குக் கொடுத்தல், வராவிடின் அடித்தல் என்பதை வட்டை உடையவனே கண்டு துணியட்டும். பயிற்றுநர் முன்கூட்டியே “கொடு”, “அடி” என்று கூவின், அங்கே சிந்திப்பவர் பயிற்றுநர் ஒருவரே. தோழன் வட்டுக்கு முன்னே நீலக்கோட்டைக் கடந்தால் ஓவ்சைட் ஆகும் என்பதையும் இப்பயிற்சியிலேயே பழக்கலாம். முதலடியோடு விசில் ஊதி நிறுத்துதலும் நன்றன்று. காப்பாளன்மேற் பட்டுத் தெறிக்கும் வட்டே பல கோல்களுக்குக் காரணமாகின்றது.

மிக இளையோர்க்கு முழுத் தளம் வேண்டியதில்லை. கனடிய ஹொக்கிச் சங்கம் 2017-18 பருவத்தில் ஐந்து, ஆறு வயதினர் தளத்தின் குறுக்கே ஆடுதலைக் கட்டாயமாக்கியது. குறுகிய இடத்தில் வரிசையில் காத்து நிற்கும் நேரம் குறையும். தாக்குதலின் முறைகள் பெருகும். சிறுவரும் சிறுமியரும் தாக்குவோர், தடுப்போர், துரத்துவோர் என எல்லா இடங்களிலும் மாறி மாறி நிற்றல் நன்று. ஒருமுறை தனித்து நின்று தடுத்த பிள்ளை, அடுத்த முறை வட்டைக் கொண்டு வரும்போது தடுப்பாளனின் தடி எங்கே கிடக்கின்றது என்பதையே முதலிற் பார்க்கும்.