வயல் நீரில் படர்வது எது?

நட்ட வயலில் பச்சை படர்ந்தால் உடனே மயில்துத்தம் போட வேண்டாம். நன்மை செய்யும் பாசியும் செத்துவிடும். முதலில் கையில் அள்ளிப் பார்க்கவும்.

அசோலா: செதில் போன்ற சிற்றிலைகள் அடுக்கடுக்காக இருக்கும். மணிச்சத்து குறைந்தால் சிவக்கும். இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தரும். களையெடுக்கும்போது சேற்றில் மிதித்துவிடவும். வழவழப்பான இலையும் ஒற்றை வேரும் இருந்தால் அது அசோலா அல்ல.

நீலப்பச்சைப் பாசி: கரும்பச்சையாகக் கொழகொழவென்றிருக்கும். இதுவும் உரமே.

நூல் பாசி: பச்சை நூலாக இழுபடும், இளம் பயிரைச் சுற்றிச் சாய்க்கும். பயிர் வேர் பிடித்தபின் நீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்வரை காயவிட்டுப் பாய்ச்சவும். சூப்பர் பாஸ்பேட்டை நீர்மேல் தூவாமல் கடைசி உழவில் இட்டால் பாசி குறையும்.

சந்தேகமானால் வயல் நீரோடு புட்டியில் எடுத்துச் சென்று ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டலாம்.