கரிசல் ரோட்டிலிருந்து ரேஸ் டிராக்குக்கு

மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் பக்கம் போனாலும் சரி, காரியாபட்டி பக்கம் போனாலும் சரி, ரோடு பெரும்பாலும் நூல் பிடித்த மாதிரிதான் போகும். இரண்டு பக்கமும் கரிசல், நடுநடுவே சீமைக்கருவேலங் காடு, எங்காவது ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி லேசாக ஒரு வளைவு. இந்த ரோட்டில் வண்டி பழகியவனுக்கு ஆக்ஸிலேட்டரை முறுக்கத் தெரியும். வளைவுக்கு முன்னால் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்பது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் புது பைக்கை எடுத்துக்கொண்டு டிராக்குக்குப் போக வேண்டும். வேகமாகப் போவதற்கு என்று நினைத்தால் காசுக்கும் கேடு, காலுக்கும் கேடு.

நமக்குப் பக்கத்தில் இருப்பது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தன் பெயரால் அமைந்தது. சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இங்கே சொந்த டிராக்கைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, வேகமும் அதிகம். முதல் தடவைக்கு நான் செட்டிபாளையத்தைத்தான் சொல்வேன். சிறிய டிராக்கில் ஒரே வளைவு அடிக்கடி திரும்பி வரும். செய்த தப்பு மறப்பதற்குள் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டிலுமே வண்டியோடு கேட்டில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே பதிய வேண்டும். பணம் கட்டுமுன் பயிற்சியாளர் உண்டா, புதியவர்களுக்குத் தனிக் குழு உண்டா, லெதர் சூட் வாடகைக்குக் கிடைக்குமா, ஆம்புலன்ஸ் நிற்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அந்த இடமே வேண்டாம். பைக்கின் இன்சூரன்ஸ் தாளையும் ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாலிசி செல்லாது என்று அதில் அச்சடித்திருக்கும். விழுந்தால் செலவு நம்முடையது.

முதல் ஆயிரம்

ஷோரூமிலிருந்து எடுத்த வண்டியை நேராக டிராக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. புது இன்ஜினுக்குள் உரசும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அதில் கழியும் உலோகத் துகள் ஆயிலோடு வெளியே போக வேண்டும். புது டயரின் மேல்தோல் தேய வேண்டும், பிரேக் பேடு டிஸ்கோடு படிய வேண்டும். கையேட்டில் உள்ள ரன்னிங்-இன் வரம்பை மதித்து ஓட்டி, முதல் சர்வீஸையும் முடியுங்கள். அதற்குப் பிறகும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். சர்வீஸில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும்.

என் வண்டியில் வந்தது. சர்வீஸ் முடிந்து வந்த அன்று ராத்திரி இன்ஜினுக்குக் கீழே பழைய பேப்பர் ஒன்றை விரித்துவைத்தேன். காலையில் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் ஆயில் பொட்டு. ட்ரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டு முறுக்கியிருந்தார்கள். ரோட்டில் அது ஒரு பொட்டு. டிராக்கில் பின்னால் வருகிறவன் சாய்ந்திருக்கும்போது அவன் டயருக்கு அடியில் போகும். பேப்பர் விரிக்கும் வேலைக்குச் செலவே இல்லை, மறக்காமல் செய்யுங்கள். போல்ட்களை முறுக்கிய பிறகு ஒவ்வொன்றின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வையுங்கள். போல்ட் நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

முள்

வெளியூர்க்காரர்களுக்கு இல்லாத தலைவலி நமக்கு ஒன்று உண்டு, சீமைக்கருவேல முள். டயரில் ஏறி, வெளியே தெரியும் பகுதி ஒடிந்து, மிச்சம் ரப்பருக்குள் குடியிருக்கும். ட்யூப்லெஸ் டயரில் காற்றும் உடனே இறங்காது. கறுப்புக்குள் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்கும் அகப்படாது. காரியாபட்டி மெக்கானிக் ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி: டயரைக் கழுவிக் காயவைத்து, பழைய பனியன் துணியை அதன்மேல் அழுத்திப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுற்ற வேண்டும். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டி இழுக்கும். “கண்ண நம்பாதீக, துணிய நம்புங்க” என்றார். பிடுங்கிய இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த டயர் டிராக்குக்கு ஆகாது. பஞ்சர் குச்சி சொருகிய டயரைச் சந்தைக்கு ஓட்டலாம். சாய்த்து ஓட்டும் இடத்துக்கு நான் நம்பமாட்டேன்.

காற்று அளக்கும் கேஜ் ஒன்று சொந்தமாக இருக்கட்டும், பங்க்குக்குப் பங்க் அளவு வேறுபடும். டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும். டிராக்குக்கு எவ்வளவு என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டு வையுங்கள். ஓடி வந்ததும் மறுபடி அளந்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். செயின் தளர்வு ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்க வேண்டும். இறுக்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம், நாம் ஏறி உட்கார்ந்ததும் அது இன்னும் இறுகும். வண்டி வாங்கி வருடக்கணக்கு ஆகியிருந்தால் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். ஓயாமல் பிரேக் பிடித்துச் சூடானால் உள்ளே ஆவிக் குமிழி வந்து லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். ரேடியேட்டர் உள்ள வண்டியென்றால் கூலன்ட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்களா என்று கேளுங்கள். கூலன்ட் சிந்தினால் டிராக் வழுக்கும் என்பதால் சில இடங்களில் அப்படிக் கேட்பார்கள். திரும்பி வந்ததும் கூலன்ட்டை மறுபடி ஊற்றிவிட வேண்டும்.

கழற்றுவதும் ஒட்டுவதும்

மிரர், நம்பர் பிளேட், க்ராஷ் கார்டு, சேலை கார்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சாய்க்கும்போது க்ராஷ் கார்டு தரையில் தட்டினால் சக்கரமே தூக்கிவிடும். கழற்றும் வேலையை டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் இவை இல்லாமல் போகக் கூடாது. நட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு வாயைக் கட்டி வையுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் கண்ணாடிகளின் மேல் டேப் ஒட்டினால் உடைந்தாலும் சிதறாது.

ஸ்பீடோமீட்டர் மேலும் டேப் ஒட்டுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள், நேர்ப்பகுதியில் மூன்றிலக்கத்தில் எண்ணைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்துபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பிரேக் பிடிக்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது. வண்டியை நிமிர்த்தி நேராக மண்ணுக்குள் விட்டேன், முன் பிரேக்கைத் தொடவில்லை, விழவில்லை. பயிற்சியாளர் திட்டினார்.

வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிப் போவது உத்தமம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தால் வாடகை பிரிந்துவிடும். விழுந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வர முடியாது. ஹேண்டில்பார் நுனியில் கட்டாமல் ஃபோர்க்கின் கீழ்ப் பட்டையில் துணி சுற்றி, இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு, ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இறுக்குங்கள்.

சைலன்ஸர் மாற்ற வைத்திருக்கும் காசை ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் கணுக்காலை மூடும் பூட்ஸுக்கும் திருப்புங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முதுகுக் காப்பு, லெதர் சூட், இவை இல்லாமல் டிராக்கில் இறங்க வேண்டாம்.

பால் பீய்ச்சும் கை

போவதற்கு முன் இரண்டு வாரம், வெறிச்சோடிய பிளாட் ரோட்டில் பிரேக் பழகுங்கள். “முன் பிரேக்கப் புடிச்சா குப்புற விழுவே” என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பொடிக்கல்லும் காயப்போட்ட சோளமும் கிடக்கும் ரோட்டுக்கு அது சரி. நல்ல தாரில் கதை வேறு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் வந்து முன் டயரைத் தரையில் அழுத்துகிறது, அழுத்த அழுத்தப் பிடிப்பு கூடுகிறது. ஆனால் அந்தப் பாரம் வந்து சேர ஒரு கணம் ஆகும். வெடுக்கென்று இழுத்தால் அதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

மாட்டிடம் பால் பீய்ச்சியவர்களுக்கு இது சட்டென்று புரியும். காம்பை முதலில் விரலால் அணைத்து, பிறகுதான் மேலிருந்து கீழாக இறுக்குவோம். எடுத்ததும் சுண்டினால் மாடு உதைக்கும். லீவரும் அப்படித்தான். அணைத்து, இறுக்கி, விடும்போதும் மெல்ல விட வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, நிற்கும் இடத்தில் ஒரு செங்கல் வைத்துப் பழகுங்கள்.

அடுத்தது கண். எங்கே பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும். சுவரில்லாத கிணற்றோரம் சைக்கிள் பழகும்போது, “கெணத்தப் பாக்காத, பாதையப் பாரு” என்று பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் சொன்னது இதைத்தான்.

அன்று

முந்தின நாள் பரோட்டா வேண்டாம். காலையில் நாலு இட்லி போதும். வெயில் நமக்குப் பழக்கம்தான். லெதர் சூட்டுக்குள் இருக்கும் வெயில் பழக்கமில்லாதது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்புப் போட்ட மோரையோ நீராகாரத்தையோ குடித்துக்கொண்டே இருங்கள்.

வண்டிச் சோதனை முடிந்ததும் விளக்கக் கூட்டம். அங்கே சொல்லும் கொடிகளை மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புப் பட்டை என்றால் வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், வேகம் குறைத்து பிட்டுக்கு வர வேண்டும். கறுப்பு நம்மைத் தனியாகக் கூப்பிடுவது. கட்டம் போட்ட கொடி நேரம் முடிந்தது என்பது.

முதல் இரண்டு சுற்றும் டயர் சூடாவதற்கும் வழி பார்ப்பதற்கும். முன்பாதத்தை ஃபுட்ரெஸ்டில் வைத்து, தொடையால் டேங்கைக் கவ்வி, முழங்கையைத் தளர விடுங்கள். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு அசையாத ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு வந்த நண்பர் மர நிழல் ஒன்றை அடையாளம் வைத்தார். காலையில் அருமையாகப் பிடித்தவர், மதியம் நிழல் நகர்ந்ததும் ஏன் தடுமாறுகிறோம் என்று தெரியாமல் முழித்தார்.

பின்னால் வேகமாக வருகிறவனுக்காக ஒதுங்காதீர்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். முந்துவது அவன் பொறுப்பு. நாம் போகிற வழியிலேயே போனால்தான் அவனுக்குக் கணக்கு தெரியும். பிட்டுக்குள் போகும் சுற்றில் இடது கையைத் தூக்குங்கள். விழுந்துவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள், அது போகட்டும். சறுக்கல் முழுக்க நின்ற பிறகு எழுந்து, தடுப்புக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

சாயங்காலக் கடைசி செஷனை விட்டுக்கொடுங்கள். கட்டிய காசு வீணாகிறதே என்று மனசு அரிக்கும். கை நடுங்குவது கிளட்ச் பிடிக்கும்போது தெரியும். அதற்கு மேல் ஏற வேண்டாம்.

விட்டுக்கொடுத்த அந்த நேரத்தில் பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்தது, நகப்பூச்சுக் கோடு எங்காவது பிரிந்ததா என்று நிதானமாகப் பார்க்கலாம். பிறகு மஞ்சப்பையை அவிழ்த்து, கழற்றியதை எல்லாம் மாட்டுங்கள். நான் சேலை கார்டை மட்டும் வீட்டில் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். குட்டி யானையிலிருந்து வண்டியை இறக்கும்போதே அம்மா பார்த்துவிட்டார். “யய்யா, வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போகணும், சேலையப் புடிக்கிறத எங்க வச்ச?” என்று கேட்டார்.