ஊருணி நீரும் சவ்வு வடிகட்டியும்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று கருதுவது பொதுவழக்கம். அது பிழை என்பதை நமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் பட்டறிந்தோம்.

அவ்வூர் ஊருணிக் கரையில் சவ்வு வடிகட்டி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. மழைக்காலம் கழிந்த சில வாரங்களில் அது தரும் நீர் பாதியாகக் குறைந்தது. பம்பில் பழுது என்றெண்ணி அதனை மாற்றினோம், பயன் இல்லை. பெண்கள் பழையபடி குடத்துடன் படித்துறையில் இறங்கலாயினர். குறை பம்பில் இல்லை, நீரில் இருந்தது என்பது பின்னரே விளங்கிற்று.

அடைப்பின் காரணம்

இலை, சருகு, பாசி ஆகியவை மக்கும்போது அவற்றின் சாரம் நீரில் கரைகிறது. வெந்நீரில் தேயிலைச் சாறு இறங்குவது போன்றதே இது. இதனை இயற்கைக் கரிமப் பொருள் என்பர். இது துணியில் வடிவதில்லை. தானே அடியில் படிவதுமில்லை.

நுண்வடிப்புச் சவ்வின் துளை ஏறத்தாழ 0.01 மைக்ரான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் 1,000இல் ஒரு பங்கு. பாக்டீரியாக்கள் இத்துளையினும் பன்மடங்கு பெரியவை ஆதலின் தடுக்கப்படுகின்றன. கரிமப் பொருளோ துளையின் உட்சுவரில் ஒட்டி வழியைக் குறுக்குகிறது. மேற்பரப்பிலும் கூழ்போல் படிகிறது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அப்படிவை மேலும் இறுக்குகிறது. எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவினால் தளர்ந்த படிவே நீங்கும். ஒட்டியதைக் கரைக்க, சவ்வைச் செய்தோர் குறித்த அளவில் காஸ்டிக் சோடாக் கரைசல் வேண்டும்.

குளோரின் மருந்தாகுமா?

நிறம் போகக் குளோரினை மிகுதியாக இடலாமே என்று சிலர் வினவுவர். அது தகாது. குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்து குளோரோபார்ம் முதலிய தீய பொருள்களைத் தோற்றுவிக்கும் என்பதை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ரூக் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார். ஆதலின் கரிமப் பொருளைக் குறைத்த பின்னரே, கிருமிகளை ஒழிக்கும் அளவுக்குக் குளோரின் இடுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

1. சவ்வுக்கு முன்னர்ப் படிகாரம் இட்டுக் கலக்கித் தெளியவிடுக. படிகாரத்தின் அலுமினியம் கரிமப் பொருளைத் திரளச் செய்து அடியில் இறக்கும். ஒரே நீரைப் பல குடுவைகளில் எடுத்து, வெவ்வேறு அளவில் படிகாரம் இட்டுப் பார்த்தே ஏற்ற அளவைத் துணிதல் வேண்டும். மழைக்குப் பின் அந்த அளவு மாறும்.

2. தொட்டி இயக்குபவர் அழுத்தத்தையும் நீர் வரத்தையும் நாள்தோறும் குறித்து வருக. வரத்து மாறாதிருக்க அழுத்தம் மட்டும் ஏறினால் அடைப்புத் தொடங்கிவிட்டது என்க.

3. கலங்கலோடு நிறத்தையும் சோதிக்கச் செய்க. 2012ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயப்படி, நிறம் 5 ஹேசன் அலகுக்கு மேற்படாதிருத்தல் நன்று.

4. மழைக்கு முன் வரத்துக்காலிலும் ஊருணியிலும் உள்ள சருகை அகற்றுக. கரை மரங்களை வெட்ட வேண்டுவதில்லை.

இம்முறைகளைக் கைக்கொண்டபின் அந்நிலையம் மீண்டும் செவ்வனே இயங்கிற்று. ஆயினும் படித்துறைக்குத் திரும்பிய மக்கள் குழாயடிக்கு வர மேலும் பல நாட்கள் ஆயின. நிலையம் அமைக்குமுன் நீரின் இயல்பை நாம் அறிந்திருப்பின் அவர்கள் அவ்வாறு அலைய நேர்ந்திராது. பிற ஊராட்சிகளேனும் முதலில் நீரைச் சோதித்து, பின்னர் நிலையம் அமைக்குமாறு வேண்டுகிறோம்.