மருந்து போட்ட மீனைப் பிடிக்கும் முன்...

தஞ்சை, திருவாரூர்ப் பண்ணைக் குட்டைகளில் கட்லாவும் ரோகுவும் நோய்ப்பட்டால் சிலர் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதுண்டு. அது சதையிலிருந்து நீங்க நாளாகும்.

• குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகியவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. எத்தனை நாள் காத்திருந்தாலும் ஏற்கத்தக்கதல்ல.

• மற்றவற்றையும் மீன்வள வல்லுநர் சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டும். நிறுத்திய தேதியைக் குறித்து வைப்பது அவசியம். அமெரிக்காவில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கொடுத்த கெளுத்தியை 21 நாள் கழித்தே பிடிக்கலாம்.

• தண்ணீர் குளிர்ந்தால் மருந்து மெல்லத்தான் நீங்கும். ஐரோப்பாவில் வெகுகாலம் பின்பற்றப்பட்ட கணக்கு: 500-ஐ நீரின் சராசரி வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 28 டிகிரியில் ஏறத்தாழ 18 நாள்; மார்கழியில் 25 ஆகக் குறைந்தால் 20 நாள்.

• வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் எச்சம் முழுதாகப் போகாது.

• சந்தேகம் வந்தால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்கலாம்.