வெட்டுக்காயமும் நம்ம கைமருந்தும்

மரவள்ளிக் கிழங்கு தோல் சீவும்போதோ களை வெட்டும்போதோ கையில் காயம் படாத பெண்கள் நம்ம குழுக்களில் உண்டா? பட்டதும் மஞ்சத்தூளை அள்ளி அப்புறோம். அது சரியா?

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பது நம்ம பாட்டிமார் அறிந்த விஷயம். ஆனால் அதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கிவிட்டது! நாமகிரிப்பேட்டையில் ஏலம் போகிற அதே மஞ்சள்தாங்க. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மனுப் போட்டு, பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டியது. 1997-ல் அந்த உரிமை ரத்தானது.

மஞ்சளில் உள்ள குர்குமின் வீக்கத்தையும் கிருமியையும் ஓரளவு குறைக்கும். ஆனால் கடைத்தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பவர்களும் உண்டு. அதைப் புண்ணில் போடாதீங்க. விரலி மஞ்சளைக் கழுவி, சுத்தமான கல்லில் உரசிப் போடுங்க.

வரப்போரம் வெட்டுக்காயப் பூண்டு இருக்குமே, மூக்குத்திப்பூன்னும் சொல்வோம். இலையை நல்லா கழுவி, கசக்கிச் சாறு பிழிந்தால் லேசான ரத்தக் கசிவு நிற்கும். (இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான்!) அடுப்புச் சூடு லேசா பட்டால், முதலில் 20 நிமிடம் பச்சைத் தண்ணீர் ஊற்றணும். அப்புறம் சோற்றுக் கற்றாழையின் மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் தடவலாம்.

எந்த மருந்துக்கும் முன்னால் காயத்தை சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவணும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கணும். சாணி, மண், சாம்பல், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணியிலும்தான் இருக்கிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் வரும் என்பதில்லை, மாட்டுக் கொட்டாயில் குத்திய முள்ளே போதும். இந்த நோயை எந்தப் பச்சிலையும் தடுக்காது, ஊசிதான் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.

ஆழமான வெட்டு, நிற்காத ரத்தம், சீழ், காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சர்க்கரை நோய் உள்ளவர் காலில் சின்னப் புண் வந்தாலும் கைமருந்து வேண்டாம். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போகணும். அதில் மஞ்சளும் வைக்கக் கூடாது, சுண்ணாம்பும் வைக்கக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில், ரண ஜன்னி ஊசி கடைசியாக எந்த வருடம் போட்டீங்கன்னு ஒவ்வொருவரையும் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். 10 வருடம் தாண்டியவர்கள் சேர்ந்தே போய்ப் போட்டு வரலாம்.