ஒலியின் கைரேகை

முகத்தை மறைத்தவனையும் கைரேகை காட்டிக் கொடுக்கும். ஒலிப்பதிவுக்கும் அத்தகைய ரேகை உண்டு. அதனைக் கணனி கொண்டு காணும் முறைகளுள் ஒன்றை, ஒல்லாந்து பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹைற்ஸ்மா, கல்க்கர் என்னும் இருவர் 2002இல் வெளியிட்டனர்.

300 முதல் 2000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களை அவர்கள் 33 பட்டைகளாக வகுத்தனர். அடுத்தடுத்த இரு பட்டைகளின் சத்தி வித்தியாசம் முந்திய கணத்திலும் கூடிற்றாயின் 1, இன்றேல் 0. இங்ஙனம் பெறும் 32 இலக்கங்கள் ஒரு சிறு ரேகை, 11.6 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக ஏறத்தாழ 3 செக்கனில் 256 சேரும். ஆக 8192 இலக்கங்கள். இவற்றுள் 35 வீதத்துக்குக் குறைவாக வேறுபடின் இரண்டும் ஒரே பதிவெனக் கொள்வர்.

மூன்றிலொன்று பிழைத்தும் துணிவதா என மாணவர் ஐயுறலாம். தொடர்பற்ற இரு பதிவுகளில் ஏறக்குறையப் பாதி இலக்கங்கள் மாறுபடும். அத்துணை இலக்கங்களிடையே அது தற்செயலாக 35 வீதத்துக்குத் தாழ்தல் மிக அரிது. ஆதலின் தொலைபேசிக் கரகரப்பைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

எனினும் இம்முறை அறிவது பதிவையே, பாட்டையன்று. அதே வித்துவான் அதே கீர்த்தனையை மறுநாட் பாடின் அது வேறு ரேகையாம். ஆலாபனை தொடங்கியதுமே இராகத்தைச் சொல்லிவிடும் நம் இரசிகர் செவிக்கு இஃது ஈடன்று. பெயரிழந்து கிடக்கும் பழைய இசைத்தட்டொன்றை இனங்காண்பதற்கும், அதே பதிவின் ரேகை பெயரோடு முன்னரே களஞ்சியத்தில் இருத்தல் வேண்டும்.